ஒரே தராசில் இரு காலங்கள்

ஒரு மனிதரின் திறமையை அவர் வாழ்ந்த காலத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியே நிறுக்க முடியுமா? இக்கேள்வியைத் தேடி நாம் தத்துவ நூல்களுக்குப் போக வேண்டியதில்லை. இரு தலைமுறையினர் கூடியமரும் எந்தத் திண்ணையிலும் அது தானாக எழுந்துவிடும். 'எங்கள் காலத்துப் பாடகரைப் போல் இனி யார் பிறக்கப் போகிறார்?' என்று முதியவர் தொடங்குவார். இளையவர் மறுப்பார். பேச்சு சூடேறி, முடிவு காணாமலே கலையும். அமெரிக்க நாட்டில் இந்த வழக்கு ஆண்டுதோறும் எண்களைச் சான்றாக நிறுத்தி விரிவாக நடைபெறும் களம் ஒன்று உண்டு. அது அவர்களுடைய கல்லூரிக் கால்பந்து. அதிலும் சிறப்பாக, 'வைடு ரிசீவர்' எனப்படும் ஆட்டக்காரர்களைப் பற்றிய வழக்கு. அதைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்த்தால், நீதி பற்றிய கடினமான வினா ஒன்று அதனுள் கிடப்பதைக் காண்கிறோம்.

நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்துக்கும் அமெரிக்கர்களின் ஆட்டத்துக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. இரு முனையும் கூர்ந்த நீள்வட்டப் பந்து. கவசம் அணிந்த பதினொருவர் இந்தப் பக்கம், பதினொருவர் அந்தப் பக்கம். பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ முன்னோக்கி எறிந்தோ எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் அதற்கு டச்டவுன் என்று பெயர், ஆறு புள்ளிகள். எறிபவர் குவாட்டர்பேக். களத்தின் ஓரத்தில் விலகி நின்று, சைகை கிடைத்ததும் ஓடி, காவல் நிற்பவரின் கைக்கு எட்டாமல் பந்தைப் பிடிப்பவரே வைடு ரிசீவர். அவர் தாமாகப் பந்தை எடுத்துக்கொள்ள இயலாது. பயிற்சியாளர் எண்ணி, குவாட்டர்பேக் எறிந்தால்தான் அவருக்கு வாய்ப்பே பிறக்கும். இந்தச் சிறு விவரத்தை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

தொடக்கத்தில் பந்தை முன்னோக்கி எறிவதே விதிமீறலாக இருந்தது. கூட்டமாக மோதிக்கொள்ளும் முரட்டு ஆட்டத்தில் உயிர்ச்சேதம் மிகுந்து, 1905ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிப் பொறுப்பாளர்களை அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. மறு ஆண்டில் விதி தளர்ந்தது. 1906 செப்டம்பர் 5 அன்று புனித லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பந்து எவர் கையிலும் படாமல் வீழ்ந்தது. அன்றைய விதிப்படி, அப்படி வீழ்ந்த பந்து எதிரணிக்கே உரியது! பின்னர் அதே ஆட்டத்தில் அவர் எறிந்ததை ஜாக் ஷ்னைடர் பிடித்து டச்டவுன் அடித்தார். 1913இல் நோட்டர் டேம் அணியில் கஸ் டோரைஸ் எறிய, நூட் ராக்னி பிடிக்க, வலிமை வாய்ந்த இராணுவக் கல்லூரி அணி 35-13 என்று தோற்றபோது இந்த உத்தியின் ஆற்றலை நாடே கண்டுகொண்டது. முன்னது இயேசு சபையாரின் பல்கலைக்கழகம், பின்னது திருச்சிலுவைச் சபையாரின் பல்கலைக்கழகம் என்பதில் நமக்குள் சிறு பெருமிதம் எழாமல் இல்லை. ஆனால் அது நம் வாதத்துக்குத் தொடர்பற்றது.

வழக்கின் இரு கட்சிக்காரர்களாக ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவரை எடுத்துக்கொள்வோம். அலபாமாவின் டான் ஹட்சன், 1935 சனவரி முதல் நாளன்று ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஸ்டான்போர்டை எதிர்த்து 6 பந்துகள் பிடித்து, 165 கஜம் முன்னேறி, 2 டச்டவுன்கள் அடித்தார். அதே அலபாமாவின் டிவான்டா ஸ்மித், 2021 சனவரியில் ஒகையோ மாநில அணிக்கெதிரான தேசிய இறுதியாட்டத்தில் 12 பந்துகள், 215 கஜம், 3 டச்டவுன்கள், அனைத்தும் முதற்பாதியிலேயே! அந்தப் பருவம் முழுவதிலும் 117 பிடிப்புகள், 1,856 கஜம், 23 டச்டவுன்கள். ஹட்சனின் பருவக் கணக்கு என்ன என்று கேட்டால், அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் தொகுக்கப்படத் தொடங்கியதே 1937இல்தான். ஹட்சன் அதற்குள் கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டார்.

எண்ணை மட்டும் பார்ப்பவர் உடனே தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் இருவரும் ஆடியது ஒரே ஆட்டந்தானா? 1930களின் தொடக்கம் வரை பந்து பருத்திருந்தது. 1934இல்தான் எறிவதற்கு ஏற்ப மெலிந்தது. அன்று ஒருவரே தாக்குதலிலும் தற்காப்பிலும் ஆட வேண்டும். 2024இல் கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர் இரு பக்கமும் ஆடியதைக் கண்டு நாடே வியந்து, ஹைஸ்மன் விருதையும் அளித்தது. ஹட்சன் காலத்தில் அது வியப்பன்று, அன்றாடக் கடமை. இன்று பந்தைப் பிடிக்க எழும்பும் ஆட்டக்காரரின் தலையைக் குறிவைத்து மோதுபவர் களத்தைவிட்டே வெளியேற்றப்படுவார். இந்த விதி 2013இல் வந்தது. அதற்கு முன் களத்தின் நடுவே எழும்பிய ஒவ்வொருவரும் அச்சத்தை வென்ற பின்னரே பந்தைப் பிடித்தனர். அந்தத் துணிவுக்குப் புள்ளிவிவரத்தில் தனிக் கட்டம் இல்லை.

இதற்கு அறிவுடையோர் கண்ட வழி ஒன்றுண்டு. ஒருவரை வேறு காலத்தவரோடு ஒப்பிடாமல், அவர் காலத்தவரோடே ஒப்பிட்டு, பிறரை எவ்வளவு விஞ்சி நின்றார் என்று அளப்பது. இது பெரிதும் நியாயமான அளவுகோல். 1987இல் நோட்டர் டேமின் டிம் பிரவுன் பிடித்தவை 39 பந்துகள், முன்னேறியது 846 கஜம். ஹைஸ்மன் விருது அவருக்கே. இன்று அந்த எண்களோடு ஒருவர் வந்தால் அவரை யார் திரும்பிப் பார்ப்பார்? 1991இல் மிச்சிகனின் டெஸ்மண்ட் ஹவர்ட் 985 கஜத்தோடும் 19 டச்டவுன்களோடும் அவ்விருதைப் பெற்றார். ஓட்டத்தையே நம்பியிருந்த அணிகளின் நடுவே அவர்கள் மின்னியது மெய்யான ஒளி.

ஆயினும் இந்த அளவுகோலும் நம்மைச் சங்கடத்தில் நிறுத்தும் இடம் உண்டு. 1965இல் துல்சா பல்கலைக்கழகத்தின் ஹவர்ட் ட்வில்லி 10 ஆட்டங்களில் 134 பந்துகளைப் பிடித்து 1,779 கஜம் முன்னேறினார். 1999இல் நெவாடாவின் ட்ரெவர் இன்ஸ்லியும் 134. ஆனால் 11 ஆட்டங்களில். 2007இல் டெக்சஸ் டெக்கின் மைக்கேல் கிராப்ட்ரீயும் அதே 134, 13 ஆட்டங்களில். (எண்கள் சில வேளை நம்மோடு விளையாடுகின்றன!) காலம் முன்னேற முன்னேற எண்ணும் ஏறும் என்ற எளிய நம்பிக்கையை ட்வில்லி ஒருவரே உடைத்துவிடுகிறார். ஆனால் அவரைப் போற்றுவோர் குறைவு. 'அது அவர் திறமையன்று. எல்லோரும் ஓடிய காலத்தில் துல்சா ஓயாமல் எறிந்தது' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகின்றனர். அவ்வாண்டு ஹைஸ்மன் வாக்கெடுப்பிலும் அவருக்கு இரண்டாமிடமே.

வாய்ப்பு மிகுதியாகக் கிடைத்தவரின் கணக்கில் கழிக்க வேண்டும் என்பது நியாயமானால், வாய்ப்புக் குறைந்தவரின் கணக்கில் கூட்டவும் வேண்டும் அன்றோ? மிச்சிகனின் ஆன்டனி கார்ட்டர், தரையோட்டத்தையே பெரிதும் நம்பிய போ ஷெம்பெக்லர் என்ற பயிற்சியாளரின்கீழ் 1979 முதல் 1982 வரை ஆடினார். அவரை நோக்கிப் பந்து வந்தது அரிது. வந்தபோதெல்லாம் அரங்கம் எழுந்து நின்றது. அவருக்கு எவ்வளவு கூட்டுவது? இங்கே நாம் குருமடத்துத் தத்துவ வகுப்பில் பயின்ற பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வருகிறது. உள்ளுறை ஆற்றலை நாம் நேரே அறிய முடியாது. செயலாக வெளிப்பட்டதன் வழியாகவே அறிகிறோம் என்பார் அரிஸ்டாட்டில். தூய தோமாவும் அதை ஏற்பார். எறியப்படாத பந்தை எவரும் பிடித்ததில்லை. கார்ட்டரை 2020க்குக் கொண்டுவந்து நிறுத்தினால் என்று நாம் கற்பனை செய்யும்போது, வேறு உணவு உண்டு, சிறு வயது முதல் வேறு பயிற்சி பெற்று, வேறு அச்சங்களோடு வளர்ந்த ஒருவருக்குக் கார்ட்டர் என்று பெயரிடுகிறோம், அவ்வளவே. கழிப்பது கைக்கு எளிதாக வருகிறது, கூட்டுவது வருவதில்லை. ஆகவே ட்வில்லியிடம் கழிப்பதையும் நிறுத்திக்கொள்வதே நேர்மை என்று நாம் கருதுகிறோம். அவர் பிடித்த 134 பந்துகளும் அவர் பிடித்தவையே.

ஆனால் வழக்கின் மிகக் கனமான பகுதியை இன்னும் நாம் தொடவில்லை. ஸ்மித், லூசியானா மாநிலத்தின் அமீட் என்னும் சிற்றூரிலிருந்து வந்த கறுப்பின இளைஞர். ஹட்சன் ஆடிய 1934இல் அவர் அலபாமா பல்கலைக்கழகத்தின் களத்தில் மட்டுமன்று, வகுப்பறையிலும் கால் வைத்திருக்க முடியாது. 1963இல் கறுப்பின மாணவர் இருவர் சேர வந்தபோதுகூட மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாயிலில் நின்று மறித்தார். அலபாமாவின் முதன்மை அணியில் கறுப்பினத்தவர் ஆடியது 1971இல்தான். எனவே, 'தம் காலத்தவரை விஞ்சி நின்றார்' என்று ஹட்சனைப் பற்றிச் சொல்லும்போது, அந்தக் காலத்தவர் யார் என்று நாம் கேட்டே ஆக வேண்டும். தராசின் மறுதட்டில் ஏற அனுமதிக்கப்படாதவர்கள் எத்தனை பேர்? பருத்தி வயல்களிலும் செங்கல் சூளைகளிலும் கழிந்த அந்தக் கைகளுக்கு எந்தப் புள்ளிவிவரம் உண்டு?

இதை எழுதும்போதே ஒரு மறுப்பு நம் செவியில் விழுகிறது. சட்டத்தை எழுதியவர் ஹட்சன் அல்லரே; பிறர் செய்த அநீதிக்காக இறந்துபோன ஒருவரின் புகழைப் பறிப்பது இன்னொரு அநீதி ஆகாதா? உண்மைதான். அன்று அவர் பிடித்த ஆறு பந்துகளும் மாசற்றவை. அவற்றில் ஒன்றையும் குறைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒருவர் செய்த செயல் வேறு, அவருக்கு நாம் சூட்டும் பட்டம் வேறு. 'அவர் நன்றாகப் பிடித்தார்' என்பது அவரைப் பற்றிய கூற்று. 'அவரே எல்லோரிலும் சிறந்தவர்' என்பதோ, அவரைக் காட்டிலும் மற்ற எல்லோரையும் பற்றிய கூற்று. மற்றவர்கள் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்க, அந்தக் கூற்றைச் சொல்ல நமக்குச் சான்று இல்லை. ஹட்சனுக்கு இதில் குற்றம் இல்லை. பட்டத்தை அவசரமாக வழங்குகிற நாம்தான் குற்றத்துக்கு ஆளாகிறோம். சரி, ஒரே பருவத்தை மட்டும் வைத்து ஒருவரைச் சொல் என்று நம்மை வற்புறுத்தினால், கதவு திறந்த பின் நடந்த ஆட்டம் என்பதற்காகவே 2020இன் ஸ்மித்தைச் சொல்வோம். ட்வில்லியின் பெயரை அடுத்த மூச்சில் சொல்வோம்.

கதவு திறந்த கணத்தில் உள்ளே நுழைந்தவர்களின் கணக்கு இன்னும் சிக்கலானது. டெக்சஸ் மாநிலத்தின் போமாண்ட் நகரைச் சேர்ந்த ஜெரி லெவையஸ், 1966 முதல் 1968 வரை டல்லஸில் உள்ள தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு வைடு ரிசீவராக ஆடினார். தென்மேற்குக் கூட்டமைப்பில் உதவித்தொகை பெற்று ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவரே. வெறுப்புக் கடிதங்களும் கொலை மிரட்டல்களும் அவரைத் தொடர்ந்தன. உணர்ச்சிகளை அடக்கி வைக்குமாறு, 1966இல் அந்த வளாகத்துக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங் அவருக்கு அறிவுரை கூறியிருந்தார். 1968இல் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணி வீரர் ஒருவர் அவர் முகத்தில் உமிழ்ந்தார். லெவையஸ் ஓரத்துக்குச் சென்று தலைக்கவசத்தை எறிந்து, இனி ஆடமாட்டேன் என்று அமர்ந்துவிட்டார். பயிற்சியாளர் ஹேடன் ஃபிரை அருகே வந்து அமர்ந்து பேசினார். சற்று நேரத்தில் எதிரணி பந்தை உதைத்துத் தள்ள வேண்டிய முறை வந்தது. லெவையஸ் எழுந்து கவசத்தை அணிந்து களத்துக்குத் திரும்பினார். உதைக்கப்பட்டு வந்த பந்தைப் பிடித்து, 89 கஜம் ஓடி, டச்டவுன் அடித்தார்.

ரிசீவர்களின் பிடிப்புக் கணக்கில் அந்த 89 கஜம் சேர்வதில்லை. உதைபந்து மீட்பு என்ற வேறொரு பட்டியலில் அதை எழுதியிருக்கிறார்கள்.