கதவைத் திறந்தவர் யார்?

அந்நியன் வந்தான், அழகிய வாழ்வு அழிந்தது! அடிமைப்பட்டு மீண்ட நாடுகளிலெல்லாம் ஓங்கி ஒலிக்கும் குரல் இது. குரலிலே உண்மை உண்டு. முழு உண்மை உண்டா என்பதே நம் கேள்வி. வந்தவன் கொடியவன் என்று மெய்ப்பித்துவிட்டால், இருந்தவன் நல்லவன் என்று ஆகிவிடுமா? ஆதிக்கத்தை எதிர்ப்பவன், அதற்கு முன்பிருந்த அநீதிக்கும் சேர்த்து வழக்காடத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கதையிலே எழுப்பினார் ஒருவர். நைஜீரிய நாட்டில், இக்போ இனத்தில், 1930ஆம் ஆண்டு பிறந்த சினுவா அச்சிபி. தந்தை கிறித்துவத் திருச்சபையின் ஊழியர். பிள்ளைக்குச் சூட்டிய பெயர் ஆல்பர்ட். இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியிலே பயிலும்போதே அந்தப் பெயரைக் களைந்தெறிந்தார் மகன். வெள்ளை எழுத்தாளர் ஜாய்ஸ் கேரி 1939இல் எழுதிய ‘மிஸ்டர் ஜான்சன்’ என்னும் புதினம், ஆப்பிரிக்கனை அசடனாகத் தீட்டியது கண்டு நெஞ்சு கொதித்தார். தம் மக்கள் கதையைத் தாமே எழுத வேண்டும் என்ற உறுதி பிறந்தது. 1958இல் இலண்டனிலே வெளிவந்தது ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’. நைஜீரியா விடுதலை பெற்றதோ 1960 அக்டோபர் முதல் நாள். கொடி ஏறுவதற்கு ஈராண்டுக்கு முன்பே கதை பேசிவிட்டது!

இத்தகையவர் தம் முன்னோரைப் பொன்னால் செய்த பதுமைகளாகக் காட்டியிருப்பார் என்றுதானே எண்ணுவோம்? அவர் அப்படிச் செய்யவில்லை.

உமுவோபியா என்பது கதை நிகழும் ஊர். மன்னன் இல்லை, மன்றம் உண்டு. உழைப்புக்கு மதிப்பு உண்டு. பேச்சிலே பழமொழியின் சுவை உண்டு. மற்போரில் புகழ் பெற்ற ஒகோன்குவோ அவ்வூரின் வீரன். இவ்வளவையும் பெருமையோடு காட்டுகிறார் அச்சிபி. அதே கையால் இதையும் காட்டுகிறார்: இரட்டைக் குழந்தை பிறந்தால் பாவமாம், பானையிலே இட்டுக் காட்டில் எறிவார்கள். ‘ஒசு’ என்றொரு கூட்டம், தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களாம். அவர்கள் தலைமுடியை மழிக்கக் கூடாது; மற்றவரை மணக்கக் கூடாது; மன்றத்துக்கு வரக் கூடாது. தலைமுறை தலைமுறையாய் இழிவு! வேற்றூரிலிருந்து பிணையாக வந்த இக்கெமெபூனா என்ற சிறுவன், ஒகோன்குவோவின் வீட்டிலே மூன்றாண்டு வளர்ந்தான். அவனைக் கொல்லச் சொன்னது தெய்வ வாக்கு. அப்பா என்று அலறி ஓடி வந்தவனை ஒகோன்குவோவே வெட்டினான். ஏன்? கோழை என்று ஊர் பேசிவிடுமே என்ற அச்சம்!

பின்னர் வந்தார்கள் பாதிரிமார்கள். அவர்களிடம் போனவர் யார்? நான்கு முறை இரட்டையர் பெற்று, நான்கு முறையும் பிள்ளைகளைக் காட்டுக்குப் பறிகொடுத்த நெக்கா போனாள். இக்கெமெபூனாவை அண்ணனாய் நேசித்த நுவோயே, ஒகோன்குவோவின் சொந்த மகன், போனான். ஒசுக்கள் போனார்கள், சடைமுடியை மழித்துக்கொண்டு தலைநிமிர்ந்தார்கள். அபாமே என்ற ஊரை அழித்தது வெள்ளையரின் துப்பாக்கி. ஆனால், மாதாகோயிலுக்கான கதவு உள்ளிருந்தே திறந்தது. அடைத்து வைக்கப்பட்டவர்கள் திறந்தார்கள். அவர்களைத் துரோகிகள் என்பதா? அடைத்தவர்களை என்னவென்பது?

அப்படியானால் வெள்ளையன் விடுவிக்க வந்தவனா? அதுவும் பொய். மாதாகோயிலின் பின்னாலேயே நீதிமன்றம் வந்தது, சிறை வந்தது. பேச வாருங்கள் என்று அழைத்து, ஊர்த் தலைவர் அறுவருக்கு விலங்கிட்டார்கள், தலையை மழித்தார்கள், தண்டம் கட்டும்வரை அடைத்துவைத்தார்கள். வெகுண்டெழுந்த ஒகோன்குவோ ஆட்சியாளரின் சேவகனை வெட்டினான். ஊர் அவனோடு எழவில்லை. தூக்கிலே தொங்கினான். அந்தப் பிணத்தைக் கண்ட வெள்ளை அதிகாரி நினைத்தது என்ன? தான் எழுதப்போகும் நூலுக்கு இவன் கதை ஒரு பத்திக்கு ஆகும் என்று! ஒரு மனிதனின் வாழ்வும் சாவும் ஆதிக்கக்காரனுக்கு ஒரு பத்தி!

மதம் மாறியதாவது இழிவை ஒழித்ததா? 1960இல் வந்த ‘நோ லாங்கர் அட் ஈஸ்’ விடை தருகிறது. அன்று கொடுமை பொறுக்காமல் ஓடிய நுவோயே, இன்று ஐசக் என்ற பெயரோடு முதிய கிறித்துவர். அவர் மகன் ஓபி, இங்கிலாந்திலே படித்தவன், கிளாரா என்ற செவிலியை மணக்க விழைகிறான். அவள் ஒசு. கூடாது என்கிறார் ஐசக்! கிழக்கு நைஜீரியச் சட்டமன்றம் ஒசு முறையை 1956இலேயே சட்டத்தால் ஒழித்திருந்தது. ஏட்டிலே ஒழிந்தது வீட்டிலே ஒழியவில்லை. இதன் பொருளைத் தமிழ்நாட்டு இளைஞருக்கு விளக்கவும் வேண்டுமோ!

வீட்டுக் குற்றத்தை வெளியே சொன்னால் எதிரிக்கல்லவா ஆதாயம் என்பார் சிலர். எதிரி அதை எப்போதோ அறிந்துகொண்டான், அறிந்ததால்தான் நுழைந்தான். மூடி மறைப்பதால் ஏமாறுவது நாம் மட்டுமே. இன்னொன்றும் கேட்கிறோம்: நெக்காவும் இக்போப் பெண்தானே? ஒசுவும் இக்போ மனிதன்தானே? அவர்கள் கண்ணீரைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு ‘நம் பண்பாடு’ என்று பெயர் சூட்டும் உரிமையை யாருக்கு யார் தந்தார்?

அச்சிபியின் கதையிலே ஒபியரிக்கா என்றொருவன் வருகிறான், ஒகோன்குவோவின் நண்பன். சிறுவனைக் கொல்லும் கூட்டத்தோடு போக மறுத்தவன். தன் மனைவி பெற்ற இரட்டையர் காட்டுக்குப் போனபின், அவர்கள் செய்த குற்றம்தான் என்ன என்று தன்னையே கேட்டுக்கொண்டவன். நண்பனின் பிணத்தருகே நின்று, இந்தப் பெருமகனைச் சாகடித்தவன் நீயே என்று வெள்ளை அதிகாரியின் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டியவனும் அவனே. இரண்டு அநீதியையும் இரண்டு கண்ணால் கண்டவன்! அவனுடைய குறை ஒன்றுதான். ஊரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியை உள்ளத்துக்குள்ளேயே கேட்டுக்கொண்டான். மன்றத்திலே கேட்டிருந்தால், நெக்காவுக்கு மாதாகோயிலைத் தேடிப் போகும் தேவை இருந்திருக்காது.

இளைஞர்களே! இனப்பற்றுக் கொள்வோம், ஆனால், ஒபியரிக்கா உள்ளத்திலே அடக்கிய கேள்வியை உரத்துக் கேட்போம். வீட்டின் கதவை விழுந்தவர்க்காக நாமே திறந்துவிட்டால், அவர்களை அழைத்துக்கொண்டு போக அந்நியன் வரவேண்டியதில்லை.