மூன்றாவது நாற்காலி

இன்று உங்கள் எதிரே ஒருவர் உட்கார்ந்து, நீங்கள் சொன்னதற்கெல்லாம் "சரிங்க" என்பார். உள்ளுக்குள் வேறொன்று ஓடும்: "இவருக்கு எங்கே புரியப்போகிறது!"

வாய்ப்பேச்சைக் கேட்க எல்லாருக்கும் காது இருக்கிறது. உள்பேச்சைக் கேட்கப் பயிற்சி உண்டா? உண்டு என்றார் பால் பெடர்சன்.

அமெரிக்க உளவியல் பேராசிரியர் அவர். 1960களில் இந்தோனேசியாவின் மேடான் நகரில் பாடம் நடத்தினார். மலேசியாவிலும் ஆசிரியராக இருந்தார். பிறகு மின்னசோட்டா, சிரக்யூஸ் பல்கலைக்கழகங்கள். ஆசியாவில் இருந்த வரைக்கும் அவர்தான் வெளியாள். பல பண்பாட்டினரோடு பழகக் கற்றுத்தரும் ஒருவருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

அவர் கண்டுபிடித்த பயிற்சி எளியது. ஆலோசகராகப் பழகும் மாணவர் ஒருவர். மனக்குறையோடு வந்தவராக நடிக்க வேறு பண்பாட்டைச் சேர்ந்த ஒருவர். இதுவரை வழக்கமானதுதான். பெடர்சன் இன்னொரு நாற்காலி போட்டார். வந்தவரின் பண்பாட்டைச் சேர்ந்தவரையே அதில் உட்கார வைத்தார். வந்தவர் மனசுக்குள் முணுமுணுப்பதை உரக்கச் சொல்வது அவர் வேலை. "வெள்ளைக்காரருக்கு நம் வீட்டுச் சங்கதி என்ன தெரியும்?" "இதை வெளியே சொன்னால் அப்பா பெயர் என்ன ஆவது?" இந்த மாதிரிப் பேச்சு, ஆலோசகரின் முகத்துக்கு நேரே. பாவம், அந்த மாணவர்!

அந்த நாற்காலிக்காரருக்கு 'எதிர் ஆலோசகர்' என்று பெயர். நம்பிக்கையைப் பேசும் துணைக் குரலும் இந்தப் பயிற்சியில் உண்டு. ஆனால் மாணவரைத் தேறவைப்பது எரிச்சலூட்டும் அந்த எதிர்க்குரல்தான் என்பேன்.

நான்கு திறமைகளை இதில் பழக்கினார். பிரச்சினையை வந்தவரின் கண்ணால் பார்ப்பது. அவர் எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறார் என்று கண்டுகொள்வது. குத்தலான பேச்சு வந்தால் தன்னை நியாயப்படுத்தப் பாயாமல் இருப்பது. நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது: சொதப்பிய பிறகு மீண்டு வருவது. ஆம், அதுவும் பாடம். தவறே செய்யாத ஆலோசகர் கிடைக்கமாட்டார் என்று பெடர்சனுக்குத் தெரியும். தவறிய பிறகும் பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் ஆலோசகரைத்தான் அவர் உருவாக்க நினைத்தார்.

நமக்கு மூன்றாவது நாற்காலி போட்டுத் தர யாரும் இல்லை. பரவாயில்லை, ஒரு கேள்வி போதும். உங்கள் கடைக்கு ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாரா? "நான் சொன்னதில் எது உனக்குச் சரிப்படவில்லை?" என்று கேளுங்கள். முதல் தடவை சொல்லமாட்டார். நாளைக்கும் கேளுங்கள். சொல்லும்போது கொஞ்சம் குத்தும். குத்தட்டும். விளக்கம் சொல்ல வாயெடுக்காமல், அவர் முடிக்கும் வரை கேளுங்கள்.