ஒட்டினதைச் சொல்லணுமா?

உங்கள் பழைய மாருதி 800-ல் ஏசி வென்ட் உடைந்துவிட்டதா? கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். 'ஏ.பி.எஸ்.' என்று அச்சு இருந்தால் யோகம்தான். அதே ரகப் பிளாஸ்டிக் துணுக்குகளை அசிட்டோனில் கரைத்துப் பூசினால், இரண்டு துண்டும் ஒரே உடம்பாகிவிடும். ('பி.பி.' என்றால் ஃபெவிக்விக்கின் பாச்சா பலிக்காது!) உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்தால் ஒட்டே தெரியாது.

சிக்கலே அதுதான். நாளைக்குக் காரை விற்கும்போது சொல்வீர்களா, மாட்டீர்களா?

பி.காமில் படித்தது: 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், 'வாங்குறவரே, உஷார்' என்கிறது. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டமோ, ஏமாற்றும் எண்ணத்தில் விஷயத்தை மறைத்தால் மோசடி என்கிறது. ஏமாற்றவா ஒட்டினீர்கள்? இல்லை. ஆனால், வந்தவர் அதைத் தடவிப் பார்த்து, 'அட, புதுசு மாதிரி இருக்கே' என்னும்போது சும்மா நிற்கிறீர்களே, அது?

நானாக இருந்தால், 'சார், அது ஒட்டினது' என்று சொல்லிவிடுவேன். 500 ரூபாய் குறைப்பார். குறைக்கட்டுமே. பானெட்டைத் திறந்தால் இன்னும் குறைப்பார், அது வேறு கதை!