ஊரை நேசிப்பதும் இனவெறியும்



நாட்டை நேசிப்பது ஈமானின் ஒரு பகுதி என்று ஒரு ‘ஹதீஸ்’ ஆகஸ்ட் 15 வந்தால் மேடைகளில் சொல்லப்படுகிறது. அது இட்டுக்கட்டப்பட்டது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறியுள்ளார்கள். அதைச் சொல்ல வேண்டிய தேவையும் நமக்கில்லை. என் மக்கள் வெளியேற்றியிராவிட்டால் வேறெங்கும் குடியிருந்திருக்க மாட்டேன் என்று மக்காவைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் சொன்னது திர்மிதியில் இருக்கிறது. மதீனாவில் காய்ச்சலில் கிடந்த பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் புல்லையும் நீர்நிலையையும் நினைத்து ஏங்கினார்கள். அவர்களைச் சுடுமணலில் கிடத்தி வதைத்த ஊர் அது! அந்த ஏக்கத்தை நபியவர்கள் கண்டிக்கவில்லை. மதீனாவையும் அதுபோல் எங்களுக்குப் பிரியமாக்கு என்று துஆ செய்தார்கள்.

ஆனால் ஒரு பயணத்தில் முஹாஜிர் ஒருவர் ஓர் அன்சாரியை அடித்துவிட்டார். அவர் அன்சாரிகளைக் கூவி அழைத்தார். இவர் முஹாஜிர்களைக் கூவி அழைத்தார். இரண்டும் குர்ஆன் புகழ்ந்த பெயர்கள்தாம். ஆனாலும் நபியவர்கள் அதை அறியாமைக்கால அழைப்பு, நாற்றமடிப்பது என்றார்கள். தவறு யாருடையது என்று கேட்காமல் ஆள் சேர்க்க அந்தப் பெயர்கள் பயன்பட்டன. தேசியவெறி செய்வதும் இதைத்தான்.

நம் நாட்டுப்பற்றைச் சந்தேகிப்பவர்கள் மீது நமக்குக் கோபம் வருகிறது. நியாயம்தான். ஆனால் நம் மஹல்லாக்காரர் ஒருவர் வெளியாளின் பணத்தை ஏமாற்றினால், ‘நம்ம ஆளை விட்டுக் கொடுக்கலாமா?’ என்று நாமும் திரள்கிறோமே, சகோதரர்களே!

அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள். மதீனாவில் முஸ்லிம் என்று அறியப்பட்ட ஒருவர் கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதர்மீது போட்டார் என்று தஃப்சீர்களில் வருகிறது. குலத்தார் நபியவர்களிடம் வந்து, தங்கள் ஆள் நல்லவர் என்று வாதாடினார்கள். இஸ்லாத்துக்கு அடைக்கலம் தந்த அன்சாரிகளின் குலம் அது. குற்றம் சாட்டப்பட்டவரோ யூதர். இன்று நம் பஞ்சாயத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தால் முடிவு எப்படி இருக்கும்?

வானத்திலிருந்து வசனங்கள் இறங்கின. மோசடிக்காரர்களுக்காக வாதாடக் கூடாது என்று நபியவர்களுக்கே கட்டளை வந்தது. யூதர் நிரபராதி என்றானது. திருடியவர் மக்காவுக்கு ஓடிப்போனார்.