காக்க வைத்தவர் படும் கடன்

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகள் சென்ற வாரம் தொலைபேசியில் பேசினாள். ஐந்து வயது மகளை ஒரு தீம் பார்க்குக்கு அழைத்துப் போயிருக்கிறாள். ராட்டினம் வேண்டாம், ரயில் வேண்டாம்... அங்கே வரும் இளவரசியைப் பார்த்தே ஆகவேண்டும் என்று குழந்தை ஒரே பிடிவாதம். போய் நின்றார்கள். வளைந்து வளைந்து செல்லும் வரிசையில் இரண்டு மணி நேரம்! தண்ணீர் பாட்டில் காலி. பிஸ்கட் காலி. கடைசியில் இளவரசியின் எதிரில் நின்றது என்னவோ இரண்டே நிமிடம்தான்.

''அக்கா, உள்ள இருக்கறது யாரோ ஒரு காலேஜ் பொண்ணுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ரெண்டு மணி நேரம் நின்னேன். நான் ஏமாந்தேனா, இல்லையா? நீயே சொல்லேன்!'' என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

நானும் சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டேன். ஆனால், கேள்வி என்னை விடவில்லை. ஒருவரைக் காண இன்னொருவர் காத்து நிற்கிறாரே... அந்த நேரத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

கலிஃபோர்னியாவின் அனாஹைம் நகரில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது, 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி. கார்ட்டூன் படத்தில் ஓடியாடிய மிக்கி மவுஸ், கைகுலுக்கும் தூரத்தில் வந்து நின்றது. ஃபுளோரிடாவில் 1971-லும், டோக்கியோ அருகே 1983-லும், ஷாங்காயில் 2016-லும் இதே நிறுவனத்தின் பெயரில் பூங்காக்கள் எழுந்தன. எங்கு போனாலும் ராட்டினத்துக்கு நிற்பது போலவே, வேஷமிட்ட இந்தப் பாத்திரங்களைச் சந்திக்கவும் தனி வரிசை உண்டு.

அந்த வரிசை எவ்வளவு நீளும்? 'ஃப்ரோஸன்' திரைப்படம் 2013 நவம்பரில் வெளிவந்தது. அதில் வரும் எல்சா, ஆனா என்ற சகோதரிகளை ஃபுளோரிடாவின் எப்காட் பூங்காவில், நார்வே நாட்டுக்கான பகுதியில் சந்திக்கலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். 2014-ன் தொடக்கத்தில் அங்கே சில நாட்கள் நான்கு, ஐந்து மணி நேரம்கூட குடும்பங்கள் நின்றன. கூட்டம் தாங்காமல், அதே ஆண்டு ஏப்ரலில் சகோதரிகளைப் பக்கத்திலுள்ள மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு மாற்றினார்கள்.

சரி, சித்தி மகளின் கேள்விக்கு வருவோம். இது ஏமாற்றா?

ஏமாற்று என்றால் என்ன? ஒருவருக்கு உண்மை தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது, தெரிந்தவர் அதை வைத்து லாபம் பார்க்கிறார். இங்கே கதை வேறு. வேஷம் போட்டவருக்குத் தெரியும். அருகில் நின்று படம் எடுப்பவருக்குத் தெரியும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியும். ஏன், குழந்தைக்கே பாதி தெரியும்! வீட்டில் தன் பொம்மைக்குச் சோறு ஊட்டுகிற குழந்தையைப் பாருங்கள். பொம்மை சாப்பிடாது என்பது அதற்குத் தெரியாதா? தெரியும். ஆனால், 'அது பொம்மைதானே' என்று நாம் சொல்லிவிட்டால் முகம் வாடிவிடும். பொய் ஒருவர் சொல்வது. விளையாட்டு எல்லோரும் சேர்ந்து காப்பது.

காப்பதற்கு விதிகளும் உண்டு. மிக்கி போன்ற முகமூடிப் பாத்திரங்கள் பொதுவாக வாய் திறப்பதில்லை, சைகைதான். உள்ளே இருப்பவர், 'நான்தான் மிக்கி' என்று வெளியே சொல்லிக்கொள்வது வழக்கமில்லை. 'நான் மிக்கியின் நண்பர்' என்றுதான் சொல்வார்களாம். அழகான வார்த்தை அல்லவா!

கதையே இல்லாத பாத்திரத்துக்கும் இப்படி நிற்பார்களா? ஷாங்காய் டிஸ்னியில் 2021 செப்டம்பரில் லீனாபெல் என்ற இளஞ்சிவப்பு நரிக்குட்டி அறிமுகமானது. காதோரம் ஒரு பூ, கையில் பூதக்கண்ணாடி. இதற்கென்று எந்தத் திரைப்படமும் வந்ததில்லை. ஆனாலும், அதைப் பார்க்க மணிக்கணக்கில் நின்றார்கள். அதிலும் பெரும்பாலோர் குழந்தைகள் அல்ல. வேலைக்குப் போகும் இளம்பெண்கள்! எதிரே போய் நின்றதும் கண்கலங்கியவர்களும் உண்டு.

இதைக் கேட்டதும் சிரிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு யோசித்தேன். நாள் முழுக்க உழைத்து வரும் ஒரு பெண்ணுக்கு, வேறு எந்த வேலையும் இல்லாமல் தன்னை மட்டுமே பார்க்கிற இரண்டு கண்கள் வேறு எங்கே கிடைக்கின்றன? அவை துணியில் தைத்த கண்களாக இருந்தாலும்தான் என்ன? அவள் நரிக்குட்டிக்காக நிற்கவில்லை. தன்னைக் கவனிக்கப்போகும் அந்த ஒரு நிமிடத்துக்காக நிற்கிறாள்.

அமெரிக்காவில் டேவிட் மைஸ்டர் என்ற அறிஞர், காத்திருப்போரின் மனநிலையைப் பற்றி 1985-ல் ஒரு கட்டுரை எழுதினார். சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் இன்னும் நீளும். நியாயமற்ற காத்திருப்பு, நியாயமான காத்திருப்பைவிட நீளும் என்பது அவர் சொன்னவற்றின் சாரம். பூங்காக்காரர்கள் இதை நன்றாகவே புரிந்துகொண்டவர்கள். இன்னும் எத்தனை நிமிடம் என்று பலகை வைக்கிறார்கள். வரிசை போகும் வழியெல்லாம் வேடிக்கை பார்க்க ஏதாவது வைக்கிறார்கள். முதல் இரண்டுக்கும் மருந்து கண்டாயிற்று. மூன்றாவதுதான் கடினம்... நியாயம்!

1999-ல் டிஸ்னி ஒரு வசதி கொண்டுவந்தது. சீட்டு எடுத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் வந்தால் சீக்கிரம் உள்ளே போகலாம். அப்போது அது எல்லோருக்கும் இலவசம். 2021 முதல் அமெரிக்கப் பூங்காக்களில் அந்தக் குறுக்கு வழிக்குத் தனியாகப் பணம். இளவரசிகளையும் மிக்கியையும் சந்திக்கும் சில இடங்களும் அதில் அடக்கம். 'கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டுமே, என்ன தவறு?' என்று கேட்கலாம். வரிசையில் நிற்கும் ஆறு வயதுக் குழந்தை, பக்கத்து வழியில் இன்னொரு குழந்தை விறுவிறுவென்று போவதைப் பார்த்து, ''அவங்க மட்டும் ஏம்மா முன்னாடி போறாங்க?'' என்று கேட்டால், நம்மால் என்ன பதில் சொல்ல முடியும்?

ஆனால், முன்னே போகும் எல்லோரையும் பார்த்து மனம் பொருமுவதில்லை. 1981-ல் ரத்தப் புற்றுநோயால் அவதிப்பட்ட 7 வயதுச் சிறுவன் ஒருவன் டிஸ்னிலேண்டைப் பார்க்க ஆசைப்பட்டான். 'மேக்-எ-விஷ்' அமைப்பு அவன் ஆசையை நிறைவேற்றியது. அன்றிலிருந்து கடும் நோயுள்ள எத்தனையோ குழந்தைகளை அந்த அமைப்பு இத்தகைய பூங்காக்களுக்கு அனுப்பி வருகிறது. அந்தக் குழந்தைகளுக்கு வழிவிட்டு ஒதுங்க யாருக்கும் மனம் வலிப்பதில்லை. காரணம் என்ன? அவர்கள் கையில் நேரம் குறைவு. நமக்கோ இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. உடல் ஊனமுற்றவர்களைக் கூலிக்கு அமர்த்தி, அவர்களோடு சேர்ந்து வரிசையைத் தாண்டிச் சென்றார்கள் சில பணக்காரக் குடும்பத்தினர் என்று 2013-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தி வெளியானது. அந்த ஆண்டு அக்டோபரில் டிஸ்னி தன் விதிகளை மாற்றியது. ஒருவரின் இயலாமையை வாடகைக்கு எடுத்து, தன் குழந்தைக்கு இளவரசியைக் காட்டினால், அந்தக் குழந்தை அன்று கற்றுக்கொண்டது எதை?

இதுவரை நிற்பவர்களைப் பற்றியே பேசினோம். எதிரே இருப்பவரை நினைத்துப் பாருங்கள்.

கனத்த உடை. உள்ளே புழுக்கம். காலையிலிருந்து எத்தனையோ குழந்தைகளைக் கட்டி அணைத்தாயிற்று. அடுத்து வருவது இருநூறாவது குழந்தையாக இருக்கலாம். ஆனால், அந்தக் குழந்தைக்கு இது முதல் முறை! இரண்டு மணி நேரம் நின்று, சொல்ல வேண்டியதை மனதுக்குள் பத்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறது. அதன் எதிரே அலுப்புக் காட்ட அவருக்கு உரிமை கிடையாது. நன்றியும் அவர் பெயருக்கு வராது. மிக்கிக்குப் போகும், எல்சாவுக்குப் போகும். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் பாத்திர வேஷமிடுபவர்களும் ஊர்வலக் கலைஞர்களுமாகச் சுமார் 1,700 பேர், 2024 மே மாதம் வாக்களித்துத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். சம்பளம், பாதுகாப்பு, உடைகளின் சுத்தம் என்று அவர்களுக்கும் கேட்க வேண்டியவை இருந்தன. முகமூடிக்குள் இருப்பவரும் மனிதர்தானே!

இங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. காத்திருப்பு என்றதும் நாம் நிற்பவரின் பொறுமையைப் பற்றியே பேசுகிறோம். 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று அவருக்கே உபதேசமும் செய்கிறோம். உண்மையில், ஒருவர் நமக்காகக் காத்து நிற்க ஆரம்பித்த நொடியிலேயே, நம் பேரில் ஒரு கடன் ஏறத் தொடங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு நிமிடம் அது வளர்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க ஒரே வழிதான் உண்டு. அவர் எதிரே வந்து நிற்கும்போது, வேறெங்கும் பார்க்காமல் அவரைப் பார்ப்பது. மணிக்கணக்கான கடனை ஒரே நிமிடத்தில் அடைத்துவிடலாம். அடைக்காமலும் போகலாம்.

இரண்டு நாள் கழித்து நானே சித்தி மகளை அழைத்தேன். ''அந்த ரெண்டு நிமிஷத்துல என்னடி நடந்தது?'' என்று கேட்டேன்.

குழந்தைக்கு அந்த வாரம்தான் முதல் பல் விழுந்ததாம். எதிரே போனதும் ஒன்றும் பேசாமல் வாயைத் திறந்து காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் தரையில் மண்டியிட்டு, அவள் உயரத்துக்கு இறங்கி, உலகத்திலேயே மிக முக்கியமான சங்கதி இதுதான் என்பது போலக் கூர்ந்து பார்த்தாளாம். ''வலிச்சுதா?'' என்று கேட்டாளாம். அவ்வளவுதான்.

சித்தி மகளின் குரல் கொஞ்சம் இறங்கியது. ''அக்கா, அந்தப் பல்லு விழுந்த அன்னிக்கு அவ எங்கிட்டதான் முதல்ல ஓடி வந்தா. நான் ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன். 'இரு, அம்மா அப்புறம் பார்க்கறேன்'னு சொன்னேன். அப்புறம் நான் பார்க்கவே இல்லை.''

அவளுக்கு ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவள் ஏமாறவில்லை என்றும் சொன்னேன். நின்ற இரண்டு மணி நேரத்துக்கு அந்த முகம் தெரியாத பெண் வஞ்சனையில்லாமல் கணக்குத் தீர்த்துவிட்டாள். பாக்கி நிற்பது வீட்டுக் கணக்குதான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது என் மகன் ஓவிய நோட்டோடு இரண்டு முறை வந்து நின்றான். இரண்டு முறையும் திரும்பாமலே, ''ஒரு நிமிஷம் இருடா கண்ணா'' என்றேன். நம் வீட்டு வரிசைகளில் இன்னும் எத்தனை நிமிடம் என்று காட்டப் பலகை கிடையாது. காசு கொடுத்து முந்தவும் வழி கிடையாது. நிற்பவர்கள் சத்தமில்லாமல் நிற்பார்கள். ஒருநாள் சத்தமில்லாமல் விலகியும் போய்விடுவார்கள்.

இதோ, மூன்றாவது முறையாக அவன் வாசற்படியில் வந்து நிற்கிறான். பேனாவை மூடி வைக்கிறேன்.