பிடி அரிசி

மிசோரமின் கிறிஸ்தவ வீடுகளில் சோறு பொங்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைக்கிறார்கள். 1910-ல் தொடங்கிய வழக்கம் இது. சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் வாங்கி வந்து, விற்ற பணத்தை ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். நெல்லைப் பக்கத்தில் நாங்களும் இதைக் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்போம்.

எங்கள் பாட்டி நாழியால் அளந்து சுளகில் கொட்டியதும், களைவதற்கு முன்பே ஒரு பிடியை அள்ளிக் காணிக்கைப் பானையில் போட்டுவிடுவார். சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. விருந்தாளி வந்த நாளிலும், வீட்டில் மனத்தாங்கல் இருந்த நாளிலும் அந்தப் பிடி குறையாது. மனம் கனியட்டும், பிறகு கொடுக்கலாம் என்று அவர் காத்திருந்ததே இல்லை. கொடுத்துக் கொடுத்தே அவர் மனம் கனிந்தது என்று நினைக்கிறேன்.

நற்குணம் இப்படித்தான் வளரும் என்பது என் நம்பிக்கை. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் ஆவியின் கனியை ஒன்பது குணங்களாகச் சொல்கிறார். நீடிய பொறுமை, சாந்தம், இச்சையடக்கம் எல்லாம் அதில் உண்டு. ஞாயிறு ஆராதனையில் இவற்றுக்குச் சோதனை வருவது அபூர்வம். வயதான அப்பா ஒரே கேள்வியை நான்காம் முறை கேட்கும்போது வருகிறது. ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நிற்கையில், பக்கத்து வீட்டுக் கதை நாக்கின் நுனிக்கு வரும்போது வருகிறது.

கிருபையால் இரட்சிப்பு என்றால் இந்தப் பிரயாசமெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பாட்டியின் பிடி அரிசி பரலோகத்துக்குக் கட்டிய கட்டணம் அல்ல, பெற்றுக்கொண்டதற்குச் செலுத்திய நன்றி. நன்றியுள்ளவர் கை மூடிக் கிடக்காது.

அன்பைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், நீதியைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். கூலியைப் பிடித்து வைக்கிறவர்களை யாக்கோபு தன் நிருபத்தில் கடுமையாகக் கண்டிக்கிறார். ஆனால் நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற அக்கா, மாதம் பிறந்து பல நாள் ஆன பிறகும் வாசற்படியில் தயங்கி நின்று சம்பளம் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தத் தயக்கத்தைக் கண்ட பிறகும் நாளைக்கு வா என்று சொல்லிவிட்டு, அன்று இரவு குடும்ப ஜெபத்துக்கு எப்படி உட்கார முடியும்?

பெரிய தியாகத்துக்கான அழைப்பு நம்மில் பலருக்கு வராமலே போகலாம். சின்னக் கடமைகள் தினமும் வருகின்றன. வருகிற முதல் தேதி, அந்த அக்கா வாய் திறந்து கேட்குமுன் சம்பளத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதமும் அப்படியே செய்யுங்கள்.