காணாமல் வாங்கும் பொருள்

2007 நவம்பரில் அமெரிக்காவில் ‘கிண்டில்’ என்னும் மின்னூல் படிக்கும் கருவி 399 டாலர் விலைக்கு வெளிவந்தது. கடையில் தொட்டுப் பார்க்க வழியில்லை; இணையத்தில் பணம் கட்டியே பெறவேண்டும். ஆயினும் சில மணி நேரத்திலேயே அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. இன்று நாமும் இவ்வாறே பலவற்றை வாங்குகிறோம். காணாத பொருளை வாங்குவது கூடுமா?

ஷாபிஈ மத்ஹபின் பலமான சொல்படி, குறிப்பிட்ட ஒரு பொருளைக் காணாமல் வாங்குவது செல்லாது. விலையை முன்னரே பெற்று, வர்ணித்த தன்மைப்படி தருவதாக விற்பவர் பொறுப்பேற்கும் ‘ஸலம்’ வியாபாரம் அதன் நிபந்தனைகளுடன் கூடும். ஹனபி மத்ஹபிலோ காணாமல் வாங்கலாம். கண்டபின் ஏற்கவோ தள்ளவோ வாங்கியவருக்கு உரிமையுண்டு. இரண்டின் நோக்கமும் ஏமாற்றத்தைத் தடுப்பதே.

தானியக் குவியலின் உள்ளே ஈரத்தை மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அது விற்பவருக்கு மட்டுமான பாடமன்று. எழுத்து கண்ணுக்கு இதமா, கருவி கைக்குப் பாரமா என்று சோதிப்பது நம் உரிமை. தவணைக்குள் வேண்டிய நூலைப் படித்து முடித்துவிட்டு, ‘பிடிக்கவில்லை’ என்று திருப்பி அனுப்புவதோ, நாம் மறைக்கும் ஈரம்!

ஆகவே விவரத்தையும் நிபந்தனையையும் படித்து, தேவையறிந்து வாங்குவோம். கொடுக்கல் வாங்கலில் நேர்மையாய் நடக்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.